சாகாமத்தில் யானைக்கு வேலி திறந்த நாள்

பெப்ரவரிக் கடைசியில், பெரும்போக அறுவடை முடிகிற வாரத்தில் சாகாமம் போனேன். கூப்பிட்டவர் நசார், அந்த வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டைவிதானை. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், "வெட்டு முடிந்ததும் மின்வேலியைத் திறந்து யானையை வயலில் மிஞ்சிய நெல் தாளை மேயவிடுங்கள், பசித்தால்தான் அது வேலியை உடைக்கும், நம் ஊர்க் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்னும்" என்றேன். "கல்முனை மாஸ்டர் ஆனைக்கும் வகுப்பெடுக்கப் போறாரு" என்று சபையைச் சிரிக்கவைத்தவர் இதே நசார்தான். நான் மறக்கவில்லை.

கல்முனையில் காலை 10.15 பஸ். காரைதீவு, ஒலுவில் தாண்டி அக்கரைப்பற்றுக்கு ஒரு மணித்தியாலம். அங்கிருந்து ஆட்டோவில் அரை மணித்தியாலம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

ஊரே ஹனிபா காக்கா என்று கூப்பிடும் மூத்த விவசாயியின் மூன்று ஏக்கரைத் தவிர எல்லாம் வெட்டியாகிவிட்டது. அவருடையது பிந்தி விதைத்த நெல். வெட்டு மெசின் மறுநாள்தான் வரும். நசார் வேலியைக் கழற்றி அந்த மூன்று ஏக்கரைச் சுற்றி மட்டும் இழுத்திருந்தார். மிச்சமெல்லாம் யானைக்கு. ஹனிபா காக்கா ஆனைவெடியோடு வரம்பில் நின்றார்.

"நசாரு, என்ட நெல்லு போனா வருசம் முழுக்க நீதான் சோறு போடணும்."

"மாஸ்டர்ர யோசின காக்கா. அவர்ர ஊட்ட போங்க."

வென்றால் அவருடையது, தோற்றால் என்னுடையது.

மாலை 5.20க்குக் காட்டோரத்திலிருந்து ஏழு யானைகள் வந்தன. தாளைப் பிடுங்கி, காலில் தட்டி மண் உதிர்த்துத் தின்றன. பெரிய ஆண் யானை ஒன்று விளைந்த நெல்லை மோப்பம் பிடித்து எங்களுக்கு எதிர்ப்பக்க வேலியோரம் வந்தது. ஹனிபா காக்கா நெருப்புப்பெட்டியை எடுத்தார்.

"பொறுங்க காக்கா." நசார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தும்பிக்கை கம்பியில் பட்டது, சுண்டி இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்ற யானை, திரும்பிப்போய்த் தாளில் வாய் வைத்தது.

"நீங்க சொன்னது சரிதான் மாஸ்டர்" என்றார் நசார், என்னைப் பார்க்காமல். இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

போக விரும்புகிறவர்கள் வெட்டு முடிகிற வாரத்தில், நான்கு மணிக்கு முன் போய்விடுங்கள். ஊரவர் ஒருவர் இல்லாமல் வயலில் இறங்காதீர்கள். சோறு சுற்றிய பொலித்தீன் லஞ்ச் சீட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அக்கரைப்பற்றில் தங்கி மறுநாள் பதினொரு மணிக்கு மீண்டும் போனேன். மூன்று ஏக்கரும் வெட்டி முடிந்து, மூட்டைகள் உழவு மெசின் பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தன. யாரும் சொல்லாமலே ஹனிபா காக்கா வேலியின் கரண்ட்டை நிறுத்திக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கதைச்சிட்டு நிக்காம அந்த முனையப் புடிங்க மாஸ்டர்" என்றார். "பின்னேரம் அவங்க வந்துருவாங்க."