எத்தனையாவது பிள்ளை

கிளினிக்கில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் மருத்துவமாது. கர்ப்பிணி அட்டையை விரித்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், "எத்தினையாவது பிள்ளை?" என்றார். நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற மாமி முந்திக்கொண்டார்.

"முதல் பிள்ளை, மிஸ்."

என் கணவரின் தாய் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆனால் எங்களுக்கு முன்பு பிள்ளையே பிறக்கவில்லை என்ற இந்த ஒரு பொய்யை மூன்று வருடமாக ஒழுங்கையிலும் சந்தையிலும் கலியாண வீடுகளிலும் சொல்லிச் சொல்லி, அது அவருக்கே உண்மை போல ஆகிவிட்டது. நடந்த கெட்டதை வாயால் சொன்னால் அது வழி கேட்டுத் திரும்பி வரும் என்பது அவரின் பயம். அதனால் எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. நான் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவள். ஒன்றை விட்டுவிட்டு இரண்டை ஒன்று என்று எழுதும் மாணவனுக்கு முட்டை போடுவேன். மாமிக்கு முட்டை போட முடியாது.

ஆனால் வயிறு பொய் சொல்லவில்லை. உள்ளே கட்டிலில் படுக்கவைத்து உடுப்பை விலக்கிப் பார்த்த டொக்டர், அடிவயிற்றில் குறுக்கே கிடந்த தழும்பில் விரலை வைத்தபடி, முதல் பிள்ளை என்றால் இது என்ன என்று கேட்டார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. மாமி சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினார். நான் சொன்னேன்.

முதலாவது பெண்பிள்ளை. அரைநாள் வலி கண்டேன். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்க்குடம் உடைந்தபோது தலைக்கு முன்னால் தொப்புள்கொடி வந்துவிட்டது. தள்ளுகட்டிலோடு ஓடினார்கள். முகத்தில் எதையோ வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள். கண் விழித்தபோது பின்னேரம். அதற்குள் பிள்ளையை வெட்டி எடுத்து, அது மூச்சு விடாமலே போய், என் கணவரும் என் அண்ணையும் என் ஊரான அரியாலைக்குக் கொண்டுபோய் அடக்கமும் செய்துவிட்டார்கள்.

அதில் ஆஸ்பத்திரியின் பிழை ஒன்றுமில்லை. அவர்கள் ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும். எனக்குப் பிள்ளையைக் காட்டவேண்டாம் என்று முடிவெடுத்தது எங்கள் ஆட்கள்தான். பெற்றவள் பார்த்தால் தாங்கமாட்டாள் என்றார்களாம். பார்க்காமல் எப்படித் தாங்குவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

எங்களில் பிள்ளை பிறந்தாலும் முப்பத்தொன்று, ஆள் செத்தாலும் முப்பத்தொன்று. முப்பத்தோராம் நாள் ஒரு வீட்டில் துடக்குக் கழிப்பார்கள், இன்னொரு வீட்டில் அந்தியேட்டி செய்வார்கள். என் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. நான் மட்டும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாள் விடியத் தலை முழுகிவிட்டுக் குசினியில் போய் இருந்தேன். மாமி ஏன் என்று கேட்கவில்லை. கோப்பி ஊற்றித் தந்தார்.

ஆகவே இந்த முறை என் முடிவு உறுதியாக இருந்தது. வெட்டாமல், என் வலியில், நானே பெறவேண்டும். பாதியில் நின்றுபோன அந்த வேலையை முடிக்கவேண்டும். மாமிக்கும் அதே ஆசை. சுகப்பிரசவம் நடந்தால் தொண்டைமானாற்றுச் சன்னதியில் அன்னதானத்துக்கு அரிசி கொடுப்பதாக நேர்ந்திருந்தார். கலியாணமான நாள் முதல் நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விசயம் அது.

டொக்டர் முகம் சுளிக்கவில்லை. பழைய வெட்டு கீழே குறுக்காகப் போட்டது, அன்றைக்கு வெட்டக் காரணம் கொடிதானே தவிர என் இடுப்பு அல்ல, இடையில் மூன்று வருடமும் போயிருக்கிறது, ஆகையால் முயன்று பார்க்கலாம் என்றார். பலருக்குச் சரிவரும். சிலருக்கு வலி நடுவில் பழைய தழும்பு பிரிந்துபோகும். அப்படி நடந்தால் நேரம் இருக்காது, முழு மயக்கம் கொடுத்துத்தான் வெட்டவேண்டி வரும். மற்ற வழி, நாள் குறித்து வெட்டுவது. அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை, ஆனால் முதுகில் ஊசி போட்டுச் செய்வதால் விழித்தே இருக்கலாம். இரண்டும் பிழையில்லை, இருவரும் யோசித்து அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள் என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு ஒன்றுதான் காதில் நின்றது. முழு மயக்கம். நான் ஆசைப்பட்ட வழியின் நடுவில்தான் நான் விழப் பயந்த கிடங்கும் இருந்தது.

மாமி எங்கள் வீடு இருக்கும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார். நான் வெளியே காத்து நின்ற கணவரின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். அவர் வீட்டுக்குப் போகும் பலாலி வீதிப் பக்கம் திரும்பாமல் கண்டி வீதியில் விட்டார். அண்ணை வீட்டுக்குப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். அரியாலையில் கடல்நீரேரிப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில் இறங்கி, கொஞ்சத் தூரம் போய், எஞ்சினை நிறுத்தினார். நான் பிறந்து வளர்ந்த ஊர். எங்கே நிற்கிறோம் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிள்ளைத்தாச்சி அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கக் கூடாது. என் அம்மாவை எரித்த அன்றும் நான் வீட்டு வாசல் படலையோடு நின்றுகொண்டேன்.

அவர் இறங்கவில்லை. கையை நீட்டியும் காட்டவில்லை. "அந்த ரெண்டு பனைக்கும் நடுவிலை" என்றார்.

நான் பார்த்தேன். மணல், எருக்கலை, இரண்டு பனை. மூன்று வருடமாகக் கேட்காத கேள்வியை அவரின் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"எப்பிடி இருந்தவள்?"

அவர் திரும்பாமலே, "உம்மடை நாடி. வாய்க்குக் கீழை, நடுவிலை சின்னக் குழி. தலை நிறைய மயிர்" என்றார். "நான் தூக்கேக்கை இன்னும் சூடு இருந்தது."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதையெல்லாம் இந்த மனிதன் தனியே வைத்திருந்திருக்கிறான். ஒரே வீட்டில், ஒரே பாயில், அவருக்கு ஒரு முகம் இருந்திருக்கிறது, எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை. முதுகில் குத்தினேன். இரண்டு மூன்று தரம் குத்தினேன். அவர் அசையாமல் வாங்கிக்கொண்டார்.

"அண்டைக்கு ரெண்டு பேப்பரிலை கையெழுத்து வைச்சனான்" என்றார். "ஒண்டு உம்மை வெட்டுறதுக்கு. மற்றது அவளைக் கொண்டுபோறதுக்கு. நீர் எதைச் சொன்னாலும் எனக்கு ஓம்தான். ஆனால்..." மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்.

அடுத்த கிளினிக் வரைக்கும் யோசித்தேன். பாதியில் நின்ற வலி அவளுடைய வலி. அதை இன்னொரு பிள்ளையைக் கொண்டு முடிக்க முடியாது. அது நின்ற இடத்தில்தான் நிற்கும். எனக்கு வேண்டியது வலி அல்ல, பார்ப்பது. பிள்ளை வரும்போது நான் அங்கே இருக்கவேண்டும். அதற்கு எந்த வழி கூடுதலாக உதவும் என்று பார்த்தால் விடை நேராக வந்தது. விடை சரிதான், எனக்குத்தான் பிடிக்கவில்லை. ஒரு பின்னேரம் கிணற்றடியில் இருந்து வாய்விட்டு அழுதேன். இனி ஒருநாளும் நானாகப் பெறமாட்டேன் என்பதற்காக அழுதேன். அதற்கும் அழலாம் என்று நினைக்கிறேன்.

"வெட்டுங்கோ" என்று டொக்டரிடம் சொன்னேன். "ஆனால் எனக்குப் பாக்கவேணும்."

முடிந்த மட்டும் காட்டுவோம், சத்தியம் மட்டும் கேட்காதீர்கள் என்றார் அவர். அன்று எனக்கு முன்னால் போன பெண்ணுக்கும் என்னைப்போலத் தழும்புதான். அவர் வெட்டாமல் பெறுவதென்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார். அவரின் கணக்கு வேறு. மாமி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சன்னதி முருகனுக்கு என்ன சொல்வது என்பதுதான் அவரின் கவலை.

தியேட்டரில் நெஞ்சுக்கு மேல் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். கீழே யாரோ அலுமாரி ஒழுங்குபடுத்துவது போல ஒரு இழுபறி மட்டும் தெரிந்தது. பிறகு அழுகை. மூன்று வருடம் கழித்து வந்த சத்தம். ஆண்பிள்ளை. கன்னத்தோடு கொண்டுவந்து வைத்தார்கள். நான் முதலில் பார்த்தது நாடியைத்தான். குழி இல்லை. தகப்பனின் சப்பை நாடி. அவனில் அவளைப் பார்க்கலாம் என்று எனக்கே தெரியாமல் நம்பியிருந்திருக்கிறேன். இவன் இவனாகவே வந்திருந்தான். நான் அழுததைப் பார்த்த தாதி, சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டார். சந்தோசமும் இருந்தது.

முப்பத்தொன்றுக்கு ஐயர் வந்தார். கும்பம் வைத்து, எங்கள் நட்சத்திரங்களைக் கேட்டு, பிள்ளையின் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்தபடி, "இவர்தான் மூத்தவரோ?" என்றார்.

கணவர் நிலத்தைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி நெற்றியில் பூசிய விபூதியோடு, வெற்றிலைத் தட்டைப் பிடித்தபடி நின்றார்.

"இல்லை, ஐயா. ரெண்டாவது" என்றார். "மூத்தவள் அரியாலையிலை இருக்கிறாள்."

"தாய்வீட்டிலையோ?" என்று கேட்டுக்கொண்டே ஐயர் தர்ப்பையை எடுத்தார்.

"ஓம்" என்றார் மாமி.