கலப்பைக் கிழங்கு வெந்த மத்தியானம்

புளியாரை இலையை நாலைந்து சேர்த்து மென்றால் முதலில் பல் கூசும், பிறகு வாய் முழுக்க நீர் ஊறும். கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தைச் சேர்ந்த எங்கள் ஊரில் பிள்ளைகள் சரிவில் ஏறி இறங்கும்போது எதையாவது மென்றுகொண்டேதான் நடப்போம்; மழைக்காலத்தில் புளியாரை, வெயிலில் களாக்காய், தை பிறந்தால் நெல்லி. தின்னக்கூடியது எது, தொடக்கூடாதது எது என்பதை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தந்த நினைவில்லை, நடக்கப் பழகியதுபோலத்தான் அதுவும்.

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த மாசியில் ஊரே ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. காயப்போட்ட மிளகு பாயிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. முதலில் எதிர் ஊட்டில், அடுத்து எங்கள் ஊட்டில். "வெளியாள் எவனோ நடமாடுறான், கண்ணுல பட்டா கிட்டப் போகாதீங்க, ஓடியாந்து சொல்லுங்க" என்று அப்பா பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு மத்தியானம் விறகு பொறுக்கப் போனபோது ஓடைக்கு மேல் சரிவில் அவனைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். முதுகில் பெரிய பை, கையில் சின்னக் கடப்பாரை. காய்ந்துபோன ஒரு கொடியின் அடியில் தோண்டி, கவைபோல் இரண்டாகப் பிரிந்திருந்த கிழங்கை உருவி எடுத்து, ஓடையில் கழுவி, தோல் சீவி, மூன்று கல் கூட்டி வைத்திருந்த போசிப் பாத்திரத்தில் துண்டுபோட்டான். அது கலப்பைக் கிழங்கு. ஐப்பசி, கார்த்திகையில் தீக்கொழுந்து போலப் பூக்கிற அந்தச் செங்காந்தள் கொடியின் கிழங்கை எங்கள் மலையில் ஆடுகூட மோந்து பார்க்காது, தின்றால் சாவுதான். இவன் அதை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து எங்கள் நாய்களுக்குப் போடப்போகிறான், நாய் குரைக்காவிட்டால் மிளகு எடுக்க வசதி என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டு, புதருக்குப் பின்னால் வெகுநேரம் பதுங்கியிருந்துவிட்டு ஓடினேன். ஊட்டில் மூச்சிரைக்கச் சொன்னது ஒன்றுதான்: "ஓடைக்கு மேல ஓராளு அடுப்பு மூட்டியிருக்கான்." என்ன வேகிறது என்று ஏனோ சொல்லவில்லை.

அப்பாவும் பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டு பேரும் போனார்கள். அம்மா அரிவாளோடு பின்னால் மெதுவாக மேடேறி வந்தாள். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?" என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் சந்தேகம் முற்ற முற்ற மரியாதையும் கூடும்.

தேனிப் பக்கத்து மலையடிவாரம் என்றான். மலை மலையாக நடப்பதாகவும், அங்கங்கே விளைகிற இலை, கிழங்குகளைச் சாப்பிட்டு எழுதி வைத்துக்கொள்வதாகவும் சொன்னான். பையைக் கொட்டச் சொன்னார்கள். உப்பு, தீப்பெட்டி, ஒரு நோட்டு, காகிதத்தில் மடித்த காய்ந்த இலைகள். ஒரு மணி மிளகுகூட இல்லை. இல்லாததே அவர்களுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

"தின்னறதுக்கா மலை மலையா நடக்கறீங்க?" என்று ஒருவர் சிரித்தார்.

அப்பா போசியைப் பார்த்தார், பிறகு தன் காலடியைப் பார்த்தார். "அப்படீன்னா எங்க முன்னால ஒரு துண்டு சாப்புடுங்க, பாக்கறோம்" என்றார்.

அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. கத்தி முனையில் ஒரு துண்டைக் குத்தி எடுத்து வாயால் ஊதினான். பொய்க்காரன் அப்படி ஊத மாட்டான் என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. கத்த வேண்டும் என்று நினைத்தேன். கத்தவில்லை. துண்டு உதட்டைத் தொடப்போன நேரம், மேடேறி வந்து சேர்ந்த அம்மா பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டு, போசியை எட்டி உதைத்தாள்.

"அது கலப்பைக் கிழங்கு சாமி! தின்னா உசுரு போயிருமே!"

அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "எங்க மலையில இதே மாதிரி ஒண்ணைத் திம்போங்க, கொடி காஞ்சிருந்ததால தெரியலைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அம்மா அவனை ஊட்டுக்குக் கூட்டிவந்து மரவள்ளிக்கிழங்கும் மோரும் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் கடைசி பஸ்ஸில் அவன் இறங்கிப் போனான். அதற்கடுத்த வாரமும் பாயில் மிளகு குறைந்தது.

அவன் போன அன்று சாயங்காலம் அம்மா என் முகத்தை நிமிர்த்தி, "அவன் தோண்டினத நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?" என்று கேட்டாள். "அடுப்பை மட்டுந்தான் பாத்தேன்" என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தால்கூட, இதற்காகத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தே வளர்ந்தேன்.

போன மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். அந்தச் சரிவை வெட்டித் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். கலப்பைக் கொடியும் இல்லை, ஆழத் தோண்டி எடுத்துத் தின்கிற காட்டு வள்ளிக்கிழங்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊன்றுகோலும் பையுமாக ஆட்கள் ஏறுகிறார்கள், இலைக்கு நேரே செல்போனைப் பிடித்துப் பெயர் தெரிந்துகொள்கிறார்கள், சிலர் பறித்து வாயிலும் போட்டுக்கொள்கிறார்கள். எந்த ஊர், எதற்குத் தோண்டுகிறீர்கள் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

சமையற்கட்டில் அம்மா மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடம் கழித்து, சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் பாத்தேம்மா. தெரிஞ்சும் சொல்லல."

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. "நீ சின்னப் புள்ள, உன்னைய யாரு குத்தஞ் சொல்லப்போறா?" என்றாள். அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சீவிப்போட்ட கலப்பைக் கிழங்குத் தோலு மேல காலை வெச்சுக்கிட்டுத்தான் உங்கப்பா நின்னாரு. மேடேறி வரையிலேயே நான் பாத்துட்டேன். தெரியாம மிதிச்சாரா, தெரிஞ்சே மிதிச்சாரான்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கல கண்ணு."

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து தண்ணீர் மொண்டு வைத்தாள். அப்பா உள்ளே வந்து, "எப்ப வந்த கண்ணு?" என்று கேட்டார். காலையில் வந்தேன் என்றேன். நானும் அவரிடம் எதையும் கேட்கவில்லை.