சோளகத்தில் மலை ஏறியவள்

அல்லைப்பிட்டியில் மீன் விற்கும் மேரிஜோசப்பினுக்கு முப்பத்தெட்டு வயதில் மலைச் சைக்கிள் போட்டிப் பைத்தியம் பிடித்தது. போன வருடம் மலைநாட்டில் நடந்த எழுபது கிலோமீற்றர் போட்டியில் ஆழம் அறியாமல் காலை விட்டாள். முதல் ஏற்றத்திலேயே மூச்சடைத்து உட்கார்ந்தவளை, பின்தங்கியவர்களைப் பொறுக்கிவரும் லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த வெட்கம் அவளை வருடம் முழுக்கத் தின்றது. இந்த முறை போட்டி முடியும் மாலை ஐந்து மணிக்குள், லொறியில் ஏறாமல், முடிவுக்கோட்டைத் தாண்ட வேண்டும்.

"இந்தத் தீவிலை ஏற ஒரு மண்புட்டிகூட இல்லை. எங்கை பழகப்போறீர்?" என்றான் புருஷன் ஜோர்ஜ்.

"சோளகத்திலை."

வைகாசி பிறந்தால், தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்று ஆளையே விழுத்தும். காலையில் அது முதுகில் தள்ள, சைக்கிளில் மீன்பெட்டியோடு யாழ்ப்பாணம் போவாள். மத்தியானம் வெறும் பெட்டியோடு திரும்பினால் பாரம் போதாதென்று, இரண்டு பிளாஸ்ரிக் கான் நிறைய நல்ல தண்ணீரைக் கட்டிக்கொண்டு எதிர்காற்றில் மிதித்தாள். தீவுக் கிணறெல்லாம் உவர். விடுமா அயலட்டை?

"பழகுறதெண்டால் என்ரை கானையும் கொண்டுபோமன்," என்றாள் பக்கத்து வீட்டுக் கிறேஸ்.

ஆவணிக்குள் ஒழுங்கைச் சனம் முழுக்க அவளுடைய பயிற்சியில் தேத்தண்ணீர் குடித்தது. பாராட்டு ஒன்றும் வரவில்லை. தண்ணீர் பிந்திவிட்டது என்ற குறைதான் வந்தது.

புரட்டாதியில் போட்டி. மேரிஜோசப்பின் தலையைத் தாழ்த்தி, மலையைக் காற்றென்று நினைத்து மிதித்தாள். விலை கூடிய சைக்கிள்காரர் பலரை முந்தி உச்சிக்கு வந்து முன்னால் பார்த்தவள் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். பாதை கல்லும் சேறுமாகச் செங்குத்தாகக் கீழே இறங்கியது. ஏறுவதைப் பற்றியே வருடம் முழுக்க யோசித்தவள், இறங்குவதைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவள் பிறந்த ஊரில் இறக்கம் என்று ஒன்று இருந்தால் அல்லவா யோசிக்க!

குதித்து இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி ஓடினாள். அவள் முந்தி வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் பறந்து போனார்கள்.

"அக்கா, சைக்கிள் பழுதோ?" என்றான் ஒருவன்.

"சைக்கிள் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் இறங்கத் தெரியாது."

பாதி இறக்கத்தில் லொறி பின்னால் வந்து ஊர்ந்தது. அதில், போட்டியைக் கைவிட்டு ஏறிய ஒன்பது பேர். முதலில் சிரித்தார்கள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்கள். கடைசி வளைவில், "ஓடுங்கோ, இன்னும் நாலு நிமிசம் இருக்கு," என்று கத்தத் தொடங்கினார்கள்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு, எல்லோருக்கும் கடைசியாக, கோட்டைத் தாண்டினாள். லொறியில் இருந்த ஒன்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேரிஜோசப்பினுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பசி வந்தது.