ஷீட்டுக்கு ஒரு ஜன்னல்

எனக்கு வயது அறுபத்தைந்து. வளர்த்தது ஐந்து பேரை, பெற்றது நாலு. கணக்கு இடிக்கிறதே என்று யாரும் கேட்க வேண்டாம். ஐந்தாவது, சொல்லப்போனால் முதலாவது, என் தம்பி. அவனை வளர்க்கத் தொடங்கியபோது எனக்கே பால் பற்கள் முழுதாக விழவில்லை. பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். இன்னொருவர் கையில் கொடுத்தால் கோபத்தைக் குறைத்துவிடுவார்கள்.

அந்தமானில் எங்கள் ரங்கத் கடைத்தெருவுக்குப் பின்னால் குப்பையைக் குவித்து எரிக்கிறார்கள். பிளாஸ்டிக், டயர், மீன் வந்த தெர்மோகோல் பெட்டி, எல்லாம் ஒரே நெருப்பில். புகை நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வரும். மூத்த மகனின் மகளுக்கு இழுப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, வீட்டுப் பக்கம் புகை உண்டா என்றுதான். மறுநாள் போய் எரிக்கிறவனிடம் சண்டை பிடித்தேன். அவன் குச்சியால் கிளறிக்கொண்டே சிரித்தான்.

"என்ன நானி, இதுக்குப் போய் குஸ்ஸா ஆவறீங்க? மச்சர் பாகேகா."

பாட்டி கோபப்படக் கூடாதாம், கொசு ஓடிவிடுமாம். அங்கேயே நின்றுவிட்டேன். இதே பேச்சை இதற்கு முன்னும் ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து எங்களைக் கப்பலேற்றி, தெற்கே ஒரு தீவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். காடு, மழை, கொசு. முதல் மழைக்கே குளிர்காய்ச்சல் வந்து என் தங்கை போய்விட்டாள். அடுத்த வருடம் தம்பி பிறந்தான். அம்மா அவனைச் சேலைக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். ஆனால் விடிவதற்குள் மரத்துக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் பேர் விழாது, அன்றைய கூலி போய்விடும். சிலோன் தோட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகப் பிள்ளைக்காம்பரா என்று ஒரு கட்டடம் இருக்கும். பார்த்துக்கொள்ள ஆயாவும் இருப்பாள். இங்கே அது இல்லை. அம்மா மேஸ்திரியிடம் கேட்டாள்.

"அங்க காம்பரா இருந்துச்சுங்களே மேஸ்திரி."

"இருந்துச்சில்ல? அங்கயே இருந்துருக்கலாமே," என்றார் அவர். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். பிறகு அவரே, பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி, வழியும் சொன்னார். "புகைக்கூடத்துல ஒரு மூலையில தொட்டிலக் கட்டுங்க. கொசு ஓடிப்போயிரும்."

புகைக்கூடம் என்பது ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் தேய்த்து எடுத்த ஷீட்டுகளை மூங்கிலில் தொங்கவிட்டுப் புகை போடுகிற தகரக் கொட்டகை. ஈர விறகும் தேங்காய் மட்டையும் இரவு பகலாகக் கனன்றுகொண்டிருக்கும். அங்கே தீ பார்த்தவர் என் தாய்மாமா. அம்மா தொட்டில் கட்ட வந்ததும் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்:

"என்னாக்கா, மருமவனக் கருவாடு போடப் போறியா?"

"கொசுக்குக் குடுக்குறதுக்கு இது மேலுடா," என்றாள் அம்மா. மாமா கேலியை விட்டுவிட்டார். தொட்டிலைத் தூக்கிக் கட்ட அவர்தான் கயிறு கொண்டுவந்தார்.

அம்மாவைப் பார்த்து வேறு பெண்களும் கட்டினார்கள். தொட்டில்களை ஆட்டுவது என் வேலை. கண் எரியும், தொண்டை கரகரக்கும். ஆனாலும் எனக்குப் பெருமைதான். மாமா சாம்பலில் மரவள்ளிக்கிழங்கு சுட்டுத் தருவார். எங்கள் தொட்டில் பிள்ளைகளுக்குக் குளிர்காய்ச்சல் வரவே இல்லை. இருமல் வந்தது. இருமல் எந்தப் பிள்ளைக்குத்தான் வராது?

அந்த மழைக்காலம் முடிகிற சமயம், போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் ஒரு சாப், பெரிய அதிகாரி, வருகிறார் என்றார்கள். மேஸ்திரி ஓடிவந்து தொட்டில்களையெல்லாம் அவிழ்க்கச் சொன்னார். மற்றத் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயத்து வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு அன்றைக்கு மேட்டுப் பக்கம் வேலை. நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலோரம் நின்றேன்.

சாப் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். உள்ளே வருவதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ரப்பர் பால் புளித்தால் நாறும். எங்கள் உடம்பு, உடுப்பு எல்லாம் அந்த நாற்றந்தான். நம்மிடம் வாடை அடிக்கிறது போலிருக்கிறது என்று நான் பின்னால் நகர்ந்தேன். அவர் ஒரு ஷீட்டை எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அதில் கறுப்புத் திட்டு இருந்தது. முகம் மாறிவிட்டது.

"துவா ஜாதா ஹை. மால் கராப் ஹோ ஜாயேகா."

புகை அதிகம், சரக்கு கெட்டுப்போகும் என்கிறார். மாமாவுக்கு அங்கேயே திட்டு விழுந்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பி இருமினான். முகம் சிவந்து, கை விரைத்து, மூச்சு திரும்புகிற வரைக்கும் இருமினான். சாப் திரும்பிப் பார்த்தார். கைக்குட்டைக்கு மேலே அவர் கண்ணை நான் பார்த்தேன். அவர் அடுத்த ஷீட்டை எடுத்தார்.

அவர் போன கையோடு தச்சர்கள் வந்தார்கள். ஷீட் தொங்குகிற இடத்துக்கு மேலே தகரத்தை வெட்டி, புகை வெளியேற ஜன்னல் வைத்தார்கள். சரக்கை நாலு நாளைக்கு மேல் புகையில் விடக்கூடாது என்றும் உத்தரவு வந்தது. தொட்டில்கள் பழைய மூலைக்கே திரும்பின. அந்த மூலைக்கு ஜன்னல் கிடையாது. நான் தம்பியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டி, இனி நாறமாட்டான் என்று மகிழ்ந்து, அதே தொட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன்.

தம்பி நடந்தான், ஓடவில்லை. நெஞ்சுக்குள் எப்போதும் ஒரு விசில். மேடு ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவான். "அக்கா, நீ முன்ன போ, நான் காத்தப் புடிச்சிக்கிட்டு வாறேன்" என்பான். மீசை முளைக்கும் முன்பே போய்விட்டான். புகைதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. அம்மா சாகும்வரை, கொசுவிடமிருந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றினேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

இப்போது இழுப்பு உள்ள அந்தப் பேத்தி பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, மேலே போகிற புகை சும்மா போகாது, வெயிலை ஏற்றும், மழையை முறை தவறச் செய்யும் என்கிறாள். இருக்கும். இந்த வருடம் மழை வந்த விதத்தை நானும்தான் பார்த்தேன். ஆனால் மேலே போவதற்கு முன் அது எந்த வழியாகப் போகிறது என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். அந்தக் கைக்குட்டை எங்கள் வாடைக்கு இல்லை. புகை கெடுதி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஷீட்டுக்குச் சொன்னார். தன் மூக்குக்குச் செய்துகொண்டார். நடுவே இடுப்பில் ஒரு பிள்ளையோடு நான் நின்றிருந்தேன்.

இந்தா புள்ள, இதைப் படித்துக் காட்டு. பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தாதே. நாளைக்குக் குப்பை ஆபீசில் இதை நீதான் படிக்கப்போகிறாய், நான் பக்கத்தில் நிற்பேன். முதலில் ஜன்னலைச் சாத்திவிட்டு வா. மூச்சு வாங்கினால் நிறுத்தி நிறுத்திப் படி. அங்கேயும் அப்படியே படி. அவர்கள் காத்திருக்கட்டும்.