துண்டில் பூசிய சிவப்புச் சாயம்

மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரே, நீங்கள் ஒரு நோயாளியை வைத்து நாடகம் போட்டீர்கள், வைத்தியம் பார்க்கவில்லை. அந்த நோயாளி என் கணவர்.

அவர் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் கேஸ் கட்டிங், அதாவது கேஸ் நெருப்பால் இரும்பை அறுக்கும் வேலை, செய்கிறவர். இருமல் விடாததால் உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சிரப் எழுதினார். வெளியே வந்ததும் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மாணவர் பிடித்துக்கொண்டார். டாக்டர் படிப்பில் கலை, இலக்கியமெல்லாம் சேர்த்திருக்கிறார்களாம். நோயாளியின் கதையைக் கேட்டு நாடகம் போடவேண்டுமாம்.

"இன்னாத்துக்குக் கதை? எங்களாண்ட இன்னா கீது?" என்றேன். சும்மா ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தால் நான் முதலில் என் பையைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

"கம்முனு இரும்மே. தம்பி எம்மாம் மரியாதையா கேக்குது" என்றார் அவர்.

அந்த மாணவர் திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் உள்ளே நுழைந்தால் இருவரும் பேச்சை மாற்றுவார்கள். என்னிடமிருந்து எதையோ மறைக்கிறார்கள் என்று தெரிந்தது. எதை என்று தெரியவில்லை.

நாடகத்தன்று கல்லூரி அரங்கில் எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். அந்த மாணவர்தான் என் கணவராக நடித்தார். லுங்கி, தோளில் துண்டு. எங்கள் பேச்சைப் பேசியதுமே கூட்டம் சிரித்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன். பிறகு இருமினார். வாயைத் துடைத்த துண்டை விரித்துக் காட்டினார். சிவப்பு.

"வூட்ல தெரிஞ்சா வேலைக்கு உடமாட்டா நைனா. தெருக் குழாய்ல அலசிட்டுத்தான் உள்ளயே போறேன்."

கைதட்டல். நீங்கள் எழுந்து நின்று தட்டினீர்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், நெசமா?"

"நாடகம்மே அது."

"என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

அவர் தோள் துண்டை எடுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் போய் அந்த மாணவரைப் பிடித்தேன். "ரத்தம் துப்புறாருன்னு டாக்டராண்ட சொன்னியா?"

"ஆன்ட்டி, அது அவர் என்னை நம்பி ரகசியமா சொன்னது. அதனாலதான் நாடகத்துல பேரை மாத்திட்டோம்."

டாக்டருக்குச் சொல்ல அது ரகசியம். அரங்கம் முழுக்கக் காட்ட ரகசியமில்லை. அந்த மாணவரின் கண்ணில் தண்ணீர் நின்றது. அதையும் நான் நம்பவில்லை. ஆனால் ஒன்று, அவர் நன்றாகக் கேட்டார். டாக்டரிடமும் என்னிடமும் சொல்லாததை என் கணவர் அவரிடம்தான் சொன்னார். அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தது உங்கள் வகுப்புதான் என்றால், அதை நான் குறை சொல்லமாட்டேன்.

நீங்கள் வந்து, "அம்மா, இது உணர்வைப் புரிஞ்சுக்கிற வகுப்பு. சிகிச்சை வேற டிபார்ட்மெண்ட்" என்றீர்கள்.

மறுநாளே வேறு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்தார்கள். டிபி. மாத்திரை சாப்பிடுகிறார். அப்பா மேல் கால் போட்டுத் தூங்கும் எங்கள் மகளையும் சோதித்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் போகவில்லை. ஒத்திகைகளுக்கு நீங்கள்தான் பக்கத்தில் நின்று திருத்தம் சொன்னீர்களாம். நீங்களும் டாக்டர். அந்தத் துண்டை முதல் ஒத்திகையிலேயே பார்த்திருப்பீர்கள். அன்றைக்கே ஏன் எங்களைக் கூப்பிடவில்லை? நாடகம் முடியட்டும் என்று இருந்தீர்களா? என்னிடம் தனியாக வந்து சொல்லவேண்டாம். உங்கள் மாணவர்கள் எல்லோரையும் எங்கள் தெருவுக்குக் கூட்டிவந்து, அவர்கள் முன்னால், எங்கள் ஜனங்கள் முன்னால் பதில் சொல்லுங்கள்.