தப்பான விடைக்குப் பேசுகிறவள்

காளிதாஸ் வாத்தியாருக்குக் கணினிக் கிறுக்கு பிடித்தது 1998இல். மலேசியாவில், ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இவருக்கோ இணையம் வேண்டும். விட்டாரா மனுஷன்! மலாக்கா டவுன் டியூஷன் சென்டரில் ஒரு கணினியை வைத்து, தொலைபேசிக் கம்பி வழியே பள்ளியின் ஆறு கணினிகளுக்கும் கணக்குப் பாடம் வரும்படி செய்துவிட்டார்.

திரையில் கேள்வி வரும். சரியான விடையை அழுத்தினால் கைதட்டல். தப்பை அழுத்தினால் ஒரு குரல்: "பரவால்ல கண்ணு, இன்னொரு தடவ பாப்போமா?" அவர் மனைவி, அதே தோட்டத்துப் பாலர் பள்ளி டீச்சர் இந்திராதேவியின் குரல். சரியான விடைக்கும் பேசச் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள்.

"சரியா செஞ்ச புள்ளைக்குக் கைதட்டு போதும் லா. தப்பா செஞ்சதுக்குத்தாங்க ஆளு வேணும்."

அடுத்த வருஷம் மூச்சுத்திணறலோடு மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. காரியமெல்லாம் டவுனில் அவள் அண்ணன் வீட்டிலேயே முடிந்தது. சாவு வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகளை யார் அழைத்துப் போவார்கள்? பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்லக் காளிதாஸுக்கு வாய் வரவில்லை; தோட்டத்துப் பெரியவர்களும் மூடி மறைத்தார்கள்.

அதன்பின் மதிப்பெண்கள் மளமளவென்று சரிந்தன. பாடத்தை மதிப்பிட ஓர் அதிகாரி வருவதாக இருந்தது; தேறாவிட்டால் கணினிகள் வேறு பள்ளிக்குப் போய்விடும். காளிதாஸ் பாடத்தைக் குடைந்து பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஆறு கணினிகளின் தலையிலும் யாரோ மல்லிகைச் சரம் வைத்திருந்தார்கள்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள், பாடவேளையில் ஜன்னலோரம் மறைந்து நின்றார். இரண்டும் மூன்றும் எத்தனை என்ற கேள்விக்கு, வகுப்பிலேயே கெட்டிக்காரியான உஷாராணி ஒன்பதை அழுத்தினாள். மற்றவர்களும் தப்பையே அழுத்தினார்கள். ஆறு பெட்டியிலிருந்தும் செத்துப்போன இந்திராதேவி முன்னும் பின்னுமாகப் பேசினாள். பிள்ளைகள் ஒன்றாக, மெதுவாக, "சரிங்க டீச்சர்" என்றார்கள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் காளிதாஸ் உள்ளே போய்.

"டீச்சர் மலாக்காலதான இருக்காங்க சார்? போன் லைன்ல வர்றாங்க." உஷாராணி குரலைத் தாழ்த்தினாள். "கரெக்டா போட்டா வர மாட்றாங்க. கைதட்டுதான் வருது."

"பூ எதுக்கு?"

"டீச்சர் டெய்லி வெச்சிருப்பாங்கல்ல?"

காளிதாஸ் பஸ் பிடித்து டவுன் டியூஷன் சென்டருக்குப் போனார். குரலைச் சரியான விடைக்கு மாற்றிவிடலாமென்றால், அவளிடமிருந்து மிஞ்சியதே அந்த ஒரு வாக்கியம். சரியாகச் செய்த பிள்ளையிடம் போய் பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? அப்படியே விட்டால் பிள்ளைகள் ஒன்றும் படிக்கப்போவதில்லை, கணினிகளும் போய்விடும். கடைசியாக ஒருமுறை அதைக் கேட்டார். பிறகு குரலை எடுத்துவிட்டு மணியோசையை வைத்தார். பாவி, என் கையாலேயே எடுத்துவிட்டேனே என்று வாய்விட்டு அழுதார்.

மறுநாள் அதிகாரி முன்னால் முதல் கேள்விக்கு எல்லாரும் தப்பை அழுத்தினார்கள். மணி அடித்தது. மறுபடி அழுத்தினார்கள். மணிதான். அதற்குமேல் ஒரு பிள்ளையும் தப்புச் செய்யவில்லை.

"பாகூஸ், சிக்கு!" பிரமாதம் வாத்தியாரே என்று மலாயில் பாராட்டி, அதிகாரி கைகுலுக்கிவிட்டுப் போனார்.

உஷாராணி மட்டும் நின்றாள். கணினி மேலிருந்த பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், டீச்சர் எப்ப செத்தாங்க?"

"நேத்துதாம்மா" என்றார் காளிதாஸ்.