அக்காவின் கைக்கு ஒரு பிரிண்டர்

அவளைக் கட்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பகுதியில் சேர்ந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர் அது. சாண் உயரத்துக்கு அடுக்கிய துணியில் மேல் துண்டுக்கும் அடித் துண்டுக்கும் நூலளவு வித்தியாசம் வராமல் வெட்டுவாள். அதைப் பற்றி அவளுக்குக் கர்வமும் உண்டு, அடக்கமாக இருப்பதுபோல் நடிக்கத் தெரியாது. கல்யாணம் பேசி முடித்த மெக்கானிக்கிடம் யாரோ அந்தப் பெயரைச் சொல்லிவைக்க, அவரும் இன்றுவரை கட்டர் என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

முட்டி வலி வந்து நின்றபடி செய்கிற வேலையை விட்டு அவள் வீட்டுக்கு வந்த சமயத்தில்தான், அக்காவும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை எழுத்தராக இருந்தவள். அலுவலகம், அச்சு, நகல் எல்லாம் அவள் ராஜ்ஜியம். ஒரு தாள் வீணானாலும் யாராலும் தப்ப முடியாது. அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தால் அர்ச்சனை ஆரம்பம் என்று அர்த்தம், அதனால் தலைமையாசிரியரே முதலில் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாராம். அப்பேர்ப்பட்டவளை ஒரு நாள் காலையில் பக்கவாதம் அடித்து, தங்கை வீட்டில் கொண்டுவந்து போட்டது. கால் மெல்ல மெல்லத் தேறி, கைத்தடி ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தது. வலது கை தேறவில்லை. தோள் அசையும், முழங்கை கொஞ்சம் மடங்கும், விரல்கள் மூடியபடியே இருக்கும்.

அக்காவுக்குக் கை வராததைவிட, சட்டை போட்டுவிட இன்னொருவர் வர வேண்டியிருந்ததுதான் பெரிய வதையாக இருந்தது. கட்டரால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. தோளிலிருந்து பக்கவாட்டில் இடுப்பு வரை திறந்து, ஒட்டுப்பட்டை வைத்து மூடுகிற மாதிரி ஒரு சட்டை வெட்டித் தைத்தாள். அக்கா அதைத் தானே போட்டுக்கொண்டு பக்கவாதம் வந்தவர்களுக்கான உடற்பயிற்சி மையத்துக்குப் போனாள். அங்கே பயிற்சி கொடுக்கிற பெண் சட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதன் வெட்டுமாதிரியைத் தாளில் கொடுத்தால் தன்னிடம் வருகிறவர்கள் அவரவர் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்வார்களே என்று கேட்டாள். சட்டை, கால்சட்டை, ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று ஒரு கட்டு கேட்டாள்.

கட்டர் உட்கார்ந்து வரைந்து தள்ளினாள். சாதாரணத் தாள்களில் துண்டு துண்டாக வரைந்து, ஒட்டவேண்டிய இடங்களில் அடையாளம் போட்டாள். இனி அவற்றை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அளவு பிசகாமல் அச்சடித்து, வரிசைப்படுத்தி உறையில் போட வேண்டும். ஜன்னல் ஓரத்து அறையைக் காலி செய்து மேசை போட்டதும், அந்த வேலையை அக்காவிடம் கேட்டாள். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்போதெல்லாம் அவள் அப்படித்தான் படுத்திருப்பாள், பேச்சும் குறைந்துபோயிருந்தது. திரும்பாமலே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரு வேலைக்கு ரெண்டு தடவை உன்னைக் கூப்பிடணும்னா அது என் வேலை இல்ல, உன் வேலை. அப்படின்னா எனக்கு வேண்டாம். நான் இப்படியே கிடக்கறேன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். தலைகீழாக நின்றாலும் மாறாது. ஆகவே வாங்கப்போகிற பிரிண்டர் தப்பாகிவிட்டால் அக்கா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள், அதற்குப் பிறகு எழுப்ப முடியாது என்று கட்டருக்குத் தெரியும். அந்த பயம் அவளை ஆட்டிப்படைத்தது.

மெக்கானிக் தன் பங்குக்கு ஆராய்ச்சியில் இறங்கினார். அவருக்கு உலகத்தில் எல்லாமே வண்டிதான். அச்சு, ஸ்கேன், நகல் மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கிற வகையாகப் பார், கார்ட்ரிட்ஜ் போடுகிறது வேண்டாம், மை ஊற்றுகிற டேங்க் வைத்ததை எடு, அதுதான் மைலேஜ் கொடுக்கும் என்றார். கட்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தனியாகக் கடைக்குக் கிளம்பினாள். அவளுடைய கவலை மைலேஜ் அல்ல.

கடைவாசலில் நின்று, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். வலது கையை அதற்குள் செருகிக்கொண்டாள். அப்படியே உள்ளே போய், வரிசையாக இருந்த பிரிண்டர்களை இடது கையால் மட்டும் திறப்பதும் மூடுவதுமாக ஆரம்பித்தாள். ஒன்றின் மூடியை விட்டதும் படாரென்று விழுந்தது. அது கூடாது. இன்னொன்றில் தாளைப் பின்பக்கத்துத் தட்டில் மேலேயிருந்து செருக வேண்டும், செருகும்போது ஒரு தடுப்பைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒற்றைக் கைக்கு அது ஆகாது, மூடியும் நிற்கவில்லை. விற்பனைப் பெண் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நாற்காலி கொண்டுவந்து போட்டாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. மூடியை எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நின்றது. தாள் தட்டு முன்பக்கம், இழுத்தால் வரும், தள்ளினால் போகும். மைப்புட்டியைக் கவிழ்த்து வைத்தால் போதும், தானாக இறங்கி நிறைந்ததும் நின்றுவிடும். கட்டர் இடுப்பைப் பெட்டியின் மூலையில் சாய்த்தபடி தட்டை நாலைந்து தடவை இழுத்துத் தள்ளினாள். பரம திருப்தி. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடிக்க, வலது கையை நாடாவிலிருந்து உருவி எடுத்துக் காதில் வைத்துப் பேசினாள். விற்பனைப் பெண் முகத்தில் ஈயாடவில்லை. கட்டர் அசடு வழிய விஷயத்தைச் சொல்லிவிட்டு, மறுநாள் வண்டியோடு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வந்தாள்.

ராத்திரி சாப்பாட்டின்போது அதை அவள் வெறும் கதையாகச் சொல்லவில்லை, நடித்தே காட்டினாள். கையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூடி திறந்தது, தட்டு இழுத்தது, விற்பனைப் பெண் முழித்தது எல்லாவற்றையும். மெக்கானிக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. இடது கையால் கண்ணாடியைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"என்னை மாதிரி நடிக்கத் தெரிஞ்ச உனக்கு, என்னைக் கூட்டிட்டுப் போகத் தோணலையா?"

கட்டருக்குச் சுருக்கென்றது. கடையில் படி இருக்கிறது, கூட்டம் இருக்கும், உனக்குச் சிரமம் என்றெல்லாம் முணுமுணுத்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நொண்டிச் சாக்காகத்தான் கேட்டது. பயிற்சி மையத்தைத் தவிர அக்கா வேறெங்கும் போய் இரண்டு வருஷமாகிறது என்பதும், வருகிறாயா என்று தான் கேட்டதேயில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அக்கா சோற்றை முடித்துவிட்டு, நாளைக்குத் தானும் வருவதாக ஒரே போடாகப் போட்டாள்.

மறுநாள் மெக்கானிக் தன் வேனில் இருவரையும் கொண்டுபோய் இறக்கினார். கடையின் படிகளை அக்கா தடியை ஊன்றி, ஒவ்வொன்றாக, யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். முதல் நாள் பார்த்த விற்பனைப் பெண், இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று அக்காவின் வலது கையையும் கட்டரின் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டர் தேர்ந்தெடுத்த பிரிண்டரை மேசைமேல் எடுத்துவைத்தாள்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள், ஏனென்றால் அவளால் வெகுநேரம் நின்று வேலை செய்ய முடியாது. தாள் தட்டைப் பிடித்து இழுத்தாள். தட்டு வரவில்லை, பிரிண்டர்தான் வழுக்கிக்கொண்டு அவள் மடிப்பக்கமாக வந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் வந்தது. நேற்று நின்றபடி இடுப்பாலேயே இந்தப் பெட்டியை அண்டை கொடுத்துப் பிடித்திருந்தது கட்டருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு கையைத்தான் கட்டியிருந்தாள், மிச்ச உடம்பு முழுக்க அவளுக்கு உதவிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாம் கெட்டது, இதோ அக்கா எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள்.

அக்கா எழுந்திருக்கவில்லை. வரிசையை நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓரத்தில் இருந்த ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். பின்பக்கத் தட்டும், நிற்காத மூடியுமாக நேற்று கட்டர் கழித்துக்கட்டியது அது. அது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

அக்கா இடது கையால் வலது முன்கையைத் தூக்கி, அந்தத் தடுப்பின்மேல் வைத்தாள். கையின் கனத்திலேயே தடுப்பு சாய்ந்து நின்றது. இடது கையால் தாள்களைத் தட்டி நேராக்கி மேலேயிருந்து இறக்கினாள். மேலிருந்து கீழே அழுத்தியதால் பெட்டி இம்மியும் நகரவில்லை. பிறகு ஸ்கேனர் மூடியைத் தூக்கினாள். மூடிய வலது கை முஷ்டியை அதன் அடியில் முட்டுக் கொடுத்தாள். ஸ்கேனரின் கண்ணாடிமேல் தாளை வைத்து மூலை சேர்த்தாள், முஷ்டியை உருவிக்கொண்டாள், மூடி தானாக இறங்கியது. மைப்புட்டி எங்கே என்று கேட்டு வாங்கி, தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகிக் கழற்றினாள். 

"நீ கையைக் கட்டி வச்சுட்டுப் பாத்த, சின்னவளே. என் கையை யாரும் கட்டி வைக்கல. அதால எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேலை அதுக்கும் உண்டு."

  கட்டர் இரண்டு வருஷமாக அந்தக் கையைத் துடைத்திருக்கிறாள், நீவியிருக்கிறாள், தூங்கும்போது தலையணைமேல் எடுத்துவைத்திருக்கிறாள். அது செத்த கை என்று வாயால் சொன்னதில்லையே தவிர, மனசுக்குள் அப்படித்தான் எண்ணியிருந்தாள். அக்காவோ யாரும் பார்க்காதபோது அந்தக் கைக்கு வேலை பழக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பத்து மடங்கு பெருமையாக இருந்தது. இது என் அக்கா என்று கடையில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. விற்பனைப் பெண்ணிடம் மட்டும் சொன்னாள்.

அக்கா அதோடு விடுகிற ஆளா? பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ நகல் இயந்திரம் வாங்கியவள். கையோடு கொண்டுவந்திருந்த, கட்டர் வரைந்த தாள் ஒன்றை ஸ்கேன் செய்து அங்கேயே அச்சடிக்கச் சொன்னாள். அந்தத் தாளின் மூலையில் கட்டர் சோதனைக்காக ஒரு சின்னச் சதுரம் போட்டிருந்தாள். கட்டர் நாடாவை வைத்துப் பார்த்தபோது அச்சில் வந்த சதுரம் கொஞ்சம் குறுகியிருந்தது. விற்பனைப் பெண் பதறினாள். கோளாறு பெட்டியில் இல்லை, தாளுக்குள் அடங்குகிற மாதிரி தானாகச் சுருக்கச் சொல்லி வைத்திருக்கிறது, அதை எடுத்துவிட்டு முழு அளவில் போடு என்று அக்கா சொன்னாள். இரண்டாவது தாளில் சதுரம் நாடா அளவுக்குச் சரியாக நின்றது. பில்லில் யார் பெயர் போடுவது என்று கேட்டபோது கட்டர் அக்காவைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஜன்னல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டர் அடுத்த அறையில் ஒரு துணியை விரித்துவைத்துக்கொண்டு, அதில் ஒரு கோடுகூடப் போடாமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. அக்கா தனக்குத்தானே எதையோ திட்டினாள். மெக்கானிக் எட்டிப் பார்க்கப் போனவரைக் கட்டர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி கரகரவென்று ஓட ஆரம்பித்தது. சாயங்காலம் அக்கா வெளியே வந்தபோது சட்டையில் ஒரு பெரிய நீல மைக் கறை. தாள் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகிறவர்கள் வாங்கி வரலாம் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சுவரைப் பார்த்துப் படுக்கவும் இல்லை, காலை நீட்டி உட்கார்ந்து மெக்கானிக்கோடு மை மைலேஜ் பற்றிச் சண்டை போட்டாள்.

சொன்ன தேதியில் பயிற்சி கொடுக்கிற பெண் வெட்டுமாதிரிக் கட்டு வாங்க வந்தாள். வந்தபோது உறைகள் இன்னும் முடியவில்லை. ஜன்னல் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அக்கா வலது கையைத் தாள்கட்டின்மேல் பாரமாக வைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் நடந்தது. வாசற்படியில் கட்டர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நின்றாள். வந்தவளுக்கு அது பொறுக்கவில்லை. நீங்களும் கொஞ்சம் கைகொடுத்தால் சீக்கிரம் முடியுமே என்று கட்டரிடம் மெல்லச் சொன்னாள்.

கட்டர் நிமிர்ந்து நின்றாள். தொழிற்சாலையில் அவள் வெட்டிய துணியைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்த நாளில்கூட அவள் முகம் அவ்வளவு மலர்ந்ததில்லை.

"அது அவங்க டிபார்ட்மெண்ட்டும்மா. நான் உள்ள போனா திட்டு விழும். உக்காருங்க, முடிச்சுட்டு அவங்களே கூப்பிடுவாங்க."